எல்லாப் பாடக்குறிப்பிலும் வீடியோ இருக்கிறது, குழந்தை வாசிப்பதை யார் கேட்பது?

கரும்பலகை எழுதியது:

வணக்கம். ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஒன்றில் தமிழ் கற்பித்தல் எடுக்கிறேன். இரண்டாமாண்டு மாணவர்கள் 38 பேர் பள்ளிகளில் கற்பித்தல் பயிற்சி முடித்துத் திரும்பியிருக்கிறார்கள். மூன்று நாளாக அவர்களுடைய பாடக்குறிப்பு நோட்டுகளோடுதான் குடித்தனம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புத் தமிழ். திறந்த நோட்டிலெல்லாம் ஒரே வரி: "துணைக்கருவி: காணொலி."

ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். வீடியோ ஓடும்போது பிள்ளைகள் என்ன செய்வார்கள்? "பார்ப்பாங்க மேடம்." முடிந்ததும்? "இன்னொரு வாட்டி போடுவேன் மேடம்."

அவளைக் குற்றம் சொல்லவில்லை. கல்வித் தொழில்நுட்பத்தை ஒரு தாளாக நடத்துகிறோம், தமிழ் கற்பித்தலை இன்னொரு தாளாக நடத்துகிறோம். இரண்டும் எங்கே சேரும் என்பதை மாணவர் தலையில் விட்டுவிடுகிறோம். மிஷ்ரா, கோலர் என்ற இரண்டு கல்வி ஆய்வாளர்கள் 2006-ல் சொன்ன 'டிபேக்' (TPACK) படம் பாடத்தில் இருக்கிறது. பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு என்று மூன்று வட்டம். வட்டங்களை வரைந்து, நடுவில் சேரும் இடத்துக்குப் பெயர் எழுதினால் முழு மார்க். அந்த நடு இடத்தில் நின்று 'ழ' எப்படிச் சொல்லித்தருவது என்று யாரும் கேட்பதில்லை, நான் உட்பட.

அடுத்த பருவத்தில் எனக்கு ஆறு வாரம் இருக்கிறது, வாரத்துக்கு இரண்டு பாடவேளை. எழுத்தும் வாசிப்பும் கற்பிக்கப் போகிறவர்களுக்குத் தொழில்நுட்பத்தில் எதைச் சொல்லித்தரலாம்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

-----

வேப்பமரத்தடி எழுதியது:

வீடியோவை நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா. தீர்ந்தது.

34 வருடம் தொடக்கப்பள்ளியில் இருந்தவன் நான். மணலில் விரலைப் பிடித்து எழுதவைத்த பிள்ளைகள் இன்று என்னைவிட நன்றாக எழுதுகிறார்கள்.

-----

இரண்டாமாண்டு எழுதியது:

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் பயிற்சிக்குப் போன பள்ளியில் ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று வகுப்பும் ஒரே அறையில். மூன்றாம் வகுப்புக்கு நான் பாடம் நடத்தினால் ஒன்றாம் வகுப்பு பென்சில் சண்டை போடும். வீடியோ போட்டால் பத்து நிமிடம் அமைதி. பாடம் நடத்த அது ஒன்றுதான் வழி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பார்வையிட வருகிறவர்கள் வைத்திருக்கும் மதிப்பீட்டுத் தாளில் தொழில்நுட்பப் பயன்பாடு என்று ஒரு வரிசை உண்டு. அது காலியாக இருந்தால் 5 மார்க் போச்சு. அதனால் எல்லாரும் வீடியோ எழுதினோம். சிலர் போடவே இல்லை, எழுதியதோடு சரி.

-----

கரும்பலகை எழுதியது:

அந்தத் தாளைத் தயாரித்த குழுவில் நானும் இருந்தேன். இதை எழுதும்போது காது சுடுகிறது.

-----

ஈராசிரியர் எழுதியது:

இரண்டாமாண்டு சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். முதல் மூன்றும் என்னிடம்.

2022 ஜூனில் தமிழ்நாட்டு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது குழந்தைகளை வகுப்பாகப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலையாகப் பார்க்கச் சொன்னார்கள். கொரோனாவில் பள்ளியே பார்க்காத பிள்ளைகள் நேராக இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்த நேரம். எனக்கு அது பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கும். மூன்றாம் வகுப்பில் ஓர் அரும்பு இருப்பது அவமானமில்லை என்று அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. 2024-ல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்பும் (கையடக்கக் கணினி) வந்தது.

தப்பு என் பக்கம்தான். யார் எந்த நிலை என்பதை டேப்பில் பதிவேன், பதிந்ததும் மூடிவிடுவேன். "மாதவனுக்கு மொட்டு" என்று வைத்துக்கொள்ளுங்கள். (பெயர் மாற்றியிருக்கிறேன்.) அவன் ஏன் மொட்டிலேயே நிற்கிறான்? எந்த எழுத்தில் தடுக்குகிறான்? என் கையில் இருக்கும் அதே டேப்பில் குரல் பதியும் வசதி இருக்கிறது. ஒரு வருடம் அதைத் தொட்டதே இல்லை. தொடலாம் என்று எனக்குப் பயிற்சியில் யாரும் சொன்னதும் இல்லை.

-----

வேப்பமரத்தடி எழுதியது:

ஈராசிரியர் எழுதியதைப் படித்ததும் செயல்வழிக் கற்றல் நாட்கள் ஞாபகம் வந்துவிட்டன. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து, 2007 வாக்கில் எங்களுக்கும் வந்தது. படிப்படியாக ஏறும் பாட ஏணி, ஒவ்வொரு படிக்கும் அட்டை, தட்டு, பாய். பிள்ளை தன் அட்டையைத் தானே எடுத்துவந்து உட்காரும். பார்க்க அழகுதான். ஆனால் மாலையில் யோசித்தால், இன்று எத்தனை பிள்ளைகள் என் காதுபட வாசித்தார்கள் என்ற கேள்விக்கு விடை நாலோ ஐந்தோதான். மற்றதெல்லாம் அட்டையும் பிள்ளையும் பார்த்துக்கொண்டன.

அட்டை இருந்த இடத்தில் இன்று திரை. எனக்குத் திரை மீது விரோதமில்லை. நேற்று வீம்பாக எழுதிவிட்டேன்.

-----

நிரலாளன் எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை, மென்பொருள் ஆள். ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள் இருப்பதால் எட்டிப் பார்க்கிறேன்.

"பிள்ளை வாசிப்பதை யார் கேட்பது" என்றால் "செயலி கேட்கும்" என்று யாராவது சொல்லத்தான் போகிறார்கள். அந்த மாதிரிச் செயலிகள் உண்டு. கூகுள் 2019-ல் இந்தியாவில் 'போலோ' என்று வெளியிட்டு, பிறகு 'ரீட் அலாங்' என்று பெயர் மாற்றியதில் தமிழும் இருக்கிறது. வீட்டில் வாசித்துக்கேட்க ஆள் இல்லாத பிள்ளைக்கு இது பெரிய விஷயம், குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் ஓர் அடிப்படையைப் பயிற்சி மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. போனில் குரல் தட்டச்சைத் திறந்து "வாளப்பளம்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் "வாழைப்பழம்" என்றே எழுதும். எது வழக்கமாக வரும் சொல் என்று கணித்து, நம் பிழையை அதுவே திருத்திக்கொள்கிறது. நாம் சொல்லவந்ததைப் பிடிப்பதுதான் அதன் வேலை. உங்களுக்கு வேண்டியது நேர்மாறானது, பிள்ளை என்ன தப்பாகச் சொன்னது என்பது. வாசிப்புக்கென்றே செய்த செயலிகள் இதைக் கொஞ்சம் சமாளிக்கின்றன. ஆனாலும் ல, ள, ழ விஷயத்தில் எந்த மெஷினையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பமாட்டேன். வேறொரு செயலியில் என் மகள் பாதிச் சொல்லை முழுங்கினாள், அது ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. அன்றிலிருந்து முழுங்குவதுதான் முறை என்று நினைத்துவிட்டாள்.

-----

ஆய்வேட்டுக்காரி எழுதியது:

கருவி யார் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. கென்யாவில் கிசுமு பகுதியில் ஆரம்ப வகுப்பு வாசிப்புக்காக மூன்று விதமாகக் கருவி கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவில், பள்ளி பள்ளியாகச் சென்று ஆசிரியர்களுக்கு உதவும் பயிற்றுநர்களுக்கு டேப். இன்னொன்றில் ஆசிரியர்களுக்கு. மூன்றாவதில் குழந்தைகள் கையிலேயே மின்வாசிப்பான். முடிவு 2016-ல் வெளியானது. ஒன்றும் செய்யாத பள்ளிகளைவிட மூன்று பிரிவுமே முன்னேறின. ஆனால் குழந்தை கையில் கொடுத்ததால் கூடுதலாக எதுவும் கிடைத்துவிடவில்லை, செலவு மட்டும் கூடியது.

அப்புறம் 'டுசோமே' என்று நாடு முழுக்கத் தொடங்கியபோது டேப்பைப் பயிற்றுநர்களுக்கே கொடுத்தார்கள். பயிற்றுநர் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பாடத்தைக் கவனிப்பார். முடிந்ததும் சில குழந்தைகளை வாசிக்கவைத்து நேரத்தோடு குறிப்பார். அங்கேயே ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுவார். நம் ஊரில் வட்டார வளமையப் பயிற்றுநர் பள்ளிக்கு வந்ததும் முதலில் எதைத் திறக்கிறார் என்று சொல்லட்டுமா? பதிவேட்டை.

-----

ஈராசிரியர் எழுதியது:

சொல்லாதீர்கள், என் பயிற்றுநரும் இந்தத் தளத்தில் இருக்கிறார்.

-----

கரும்பலகை எழுதியது:

சரி, ஒன்று தெளிவாகிறது. குரல் பதிவிலிருந்து ஆரம்பிக்கலாம். என் திட்டம் இது: முதல் இரண்டு வாரம் மாணவர்கள் யாரும் குழந்தைக்கு எதையும் காட்டக்கூடாது. ஒரு குழந்தையை ஒரு நிமிடம் வாசிக்கவைத்துப் போனில் பதிய வேண்டும். அறைக்கு வந்து, அதே பத்தியின் பிரதியை வைத்துக்கொண்டு மூன்று தடவை கேட்க வேண்டும். விட்ட எழுத்து, மாற்றிய எழுத்து, தயங்கிய இடம், தானே திருத்திக்கொண்ட இடம் நான்குக்கும் நான்கு குறி. நேரில் கேட்கும்போது "திக்கித் திக்கிப் படிக்கிறான்" என்று மட்டும்தான் படும். மூன்றாம் தடவை கேட்கும்போதுதான் எந்த எழுத்தில் திக்குகிறான் என்று காதில் விழும்.

எவ்வளவு வேகம் வேண்டும் என்பதில் மட்டும் எனக்குக் குழப்பம். மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டத்தின் இலக்கில் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொல் என்று இருக்கிறது.

-----

ஆய்வேட்டுக்காரி எழுதியது:

சொல் கணக்கு தமிழில் ஏமாற்றும். "வந்துகொண்டிருந்தார்கள்" ஒரு சொல். இந்தியில் அது மூன்று. 2022-ல் மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 20 மொழிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்தபோது மொழிவாரியாகத்தான் அளவு வைத்தார்கள். பயிற்சி மாணவர்கள் எழுத்துகளை எண்ணட்டும். அதே பிள்ளையை மாதம் ஒருமுறை பதிந்து, அவனை அவனோடு ஒப்பிடட்டும். அது போதும்.

-----

இரண்டாமாண்டு எழுதியது:

மேடம், எழுத்து வரைகிற வீடியோவாவது போடலாமா? நானே பவர்பாயின்டில் செய்தேன். 'அ' மெதுவாகத் தோன்றும்.

-----

கரும்பலகை எழுதியது:

உன் 'அ'வைப் பார்த்தேன்மா. இடமிருந்து வலமாகத் திரை விலகுவது போல வருகிறது. சுழியும், அடிக்கோடும், நெடுங்கோடும் இடப்பக்கம் எது முதலில் இருக்கிறதோ அந்த வரிசையில் முளைக்கின்றன. கை எங்கே ஆரம்பித்து எங்கே திரும்பும் என்பது அதில் எங்குமே இல்லை. அதைப் பார்த்த குழந்தை நோட்டில் சுழியையும் கோடுகளையும் தனித்தனியாகப் போட்டு ஒட்டவைத்தால் யாரைக் குறை சொல்வது? போன் கேமராவைக் கரும்பலகைக்கு நேராக வைத்து, நீயே சாக்பீஸால் எழுதுவதை எடு. அதுவே நல்ல வீடியோ. ஓடவிட்டுவிட்டு நீ மூன்றாம் வகுப்புக்கும் போகலாம், ஆனால் சிலேட்டும் குச்சியும் பிள்ளைகள் கையில் இருக்கட்டும்.

இதற்கு மேல் வேடிக்கை ஒன்று. எங்கள் மாணவர் ஒருவர் கணினியில் பயிற்சித்தாள் செய்து பிரவுசிங் சென்டரில் அச்செடுத்தார். அந்தக் கணினியில் எழுத்துரு சரியில்லை. "கொடி", "தோடு" எல்லாம் உடைந்து, கொம்புக்கும் காலுக்கும் நடுவே புள்ளி புள்ளியாய் ஒரு வட்டம் வந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை. ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று அந்தப் புள்ளி வட்டத்தையும் சேர்த்து, அழகாக, பத்து முறை எழுதிக் காட்டியது.

-----

நிரலாளன் எழுதியது:

சிரித்துவிட்டு யோசித்தேன். தட்டச்சில் 'கொ' அடிக்க க, பிறகு ஒகரம். நோட்டில் எழுத ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால். காதில் கேட்கும் வரிசை தட்டச்சு வரிசை. கண்ணில் படும் வரிசை வேறு. முதல் வகுப்பில் தட்டச்சு வேண்டாம் என்பேன். மூன்றாம் வகுப்பில், தமிழ்99 விசைப்பலகையில் க-வும் ஒ-வும் அடித்தால் 'கொ' சேர்வதைக் காட்டினால், "ஓ, ரெண்டு சத்தம் சேர்ந்துதான் இது" என்று பிடித்துக்கொள்ளும். என் மகள் பிடித்துக்கொண்டாள், ஆறு வயதிலேயே. (அப்பா பெருமை, மன்னிக்கவும்.)

-----

ஈராசிரியர் எழுதியது:

நான் செய்துபார்த்த ஒன்று, திட்டிவிடாதீர்கள். காலையில் ஒரு பிள்ளை ஏதாவது சொல்லும். அதை ஸ்மார்ட் போர்டில் சொன்னபடியே அடிப்பேன். ஒரு நாள் வந்தது: "எங்க ஆயா ஊட்ல கோழி எட்டு குஞ்சு பொரிச்சிது, ஒண்ண காக்கா தூக்கிட்டு போயிடுச்சு." அத்தனை பிள்ளைகளும் அதை வாசித்துவிட்டார்கள், அரும்பு நிலைப் பிள்ளைகள்கூட. என்ன எழுதியிருக்கிறது என்று ஏற்கெனவே தெரியுமே. பிறகு அதன் கீழே, "எங்கள் ஆயா வீட்டில் கோழி எட்டுக் குஞ்சு பொரித்தது. ஒன்றைக் காக்கை தூக்கிக்கொண்டு போய்விட்டது." இரண்டையும் வாசித்து, எது எதுவாக மாறியது என்று பிள்ளைகளே போர்டில் கோடு போடுவார்கள். மாலையில் அச்செடுத்துச் சேர்த்தால் மாதக் கடைசியில் எங்கள் வகுப்புக்கு ஒரு புத்தகம்.

-----

வேப்பமரத்தடி எழுதியது:

"ஊட்ல" என்று போர்டிலா? ஆசிரியர் கையாலா? எனக்கு உடன்பாடில்லை. ஒரு முறை கண்ணில் பட்டால் அதுதான் மனதில் நிற்கும். பரீட்சையில் அப்படியே எழுதுவான்.

-----

தேக்கா எழுதியது:

ஐயா, சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், தமிழாசிரியை. எங்கள் சிக்கல் உங்களுக்குத் தலைகீழ். பிள்ளைகள் பலர் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். எழுத்துத் தமிழை மட்டும் சொல்லிக்கொடுத்தால் தாத்தாவிடம் பேசக்கூடத் தெரியாமல் நிற்பார்கள். 2005-ல் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத்தமிழுக்கு முக்கியத்துவம் கொடுக்கச் சொன்னது. அப்போது எங்கள் ஊரிலும் நீங்கள் சொல்லும் இதே பயம் இருந்தது. இப்போது பிள்ளைகள் தாங்கள் பேசுவதை இணையத்தில் பதிந்து அனுப்புகிறார்கள், நான் வீட்டில் சமைத்துக்கொண்டே கேட்டுக் குறிப்பு எழுதுகிறேன். எது எங்கே பேசுவது, எது எங்கே எழுதுவது என்று பிரித்துச் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிகிறது. குழம்புவது பெரியவர்கள்தான்.

-----

வேப்பமரத்தடி எழுதியது:

உங்கள் ஊரில் ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் அம்மா? அதையும் சொல்லுங்கள். சரி, இரண்டு வரியையும் வேறு வேறு நிறத்தில் எழுதினால் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் இறங்கமாட்டேன்.

-----

ஈராசிரியர் எழுதியது:

நிறம் நல்ல யோசனை ஐயா. நாளையிலிருந்து பேச்சு பச்சை, எழுத்து கருப்பு.

வாசிக்கப் புத்தகம் தேடுகிறவர்களுக்கு: ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இருக்கின்றன. திறந்த உரிமத்தில் இருப்பதால் பதிவிறக்கி அச்செடுக்கத் தனி அனுமதி தேவையில்லை. பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் வெளியிட்ட நுழை, நட, ஓடு, பற வரிசைப் புத்தகங்கள் பள்ளியிலேயே இருக்கும், பீரோ சாவி யாரிடம் என்று மட்டும் கேளுங்கள்.

-----

மட்டுறுத்துநர்:

மேலே ஓர் உறுப்பினர் இணைத்திருந்த குழந்தையின் குரல் பதிவை நீக்கியிருக்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் போட்டார், தெரியும். 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் எல்லாரும் குழந்தைதான், பெற்றோர் ஒப்புதல் வேண்டும். வாட்ஸ்அப் குழுவிலும் பகிராதீர்கள்.

-----

கரும்பலகை எழுதியது:

நீக்கியது சரி. ஒப்புதல் படிவம் ஒன்று தமிழில் தயாரித்து முதல் பாடவேளையிலேயே கொடுத்துவிட்டேன். பகுப்பாய்வு முடிந்ததும் போனிலிருந்து அழிக்கவும் சொல்லியிருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். இரண்டாமாண்டு (ஆமாம், இங்கே எழுதும் அதே பெண்தான்) பதிந்த ஒரு பையன், "மாம்பழம்" வரும் இடத்திலெல்லாம் "மரம்பழம்" என்று வாசித்தான். வகுப்பாசிரியர் என்ன நினைத்திருந்தார் என்றால், மரத்தில் காய்ப்பதால் பையன் ஊகித்துச் சொல்கிறான் என்று. எங்களுக்கும் முதலில் அதுதான் சரியாகப் பட்டது. மூன்றாம் முறை கேட்கும்போது "நாய்" வந்தது. அவன் "நரய்" என்றான். அடுத்து "பால்", "பரல்".

துணைக்காலை 'ர' என்று வாசிக்கிறான். அவனுக்குக் கால் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அவன் கண்ணில் இரண்டும் ஒன்றுதான். அவர்கள் வகுப்புத் திரையில் போட்ட சொல்லட்டைகளைப் போய்ப் பார்த்தோம். அந்த எழுத்துருவில் 'ர'வின் அடியில் சாய்ந்து இறங்க வேண்டிய கோடு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பின் பெஞ்சிலிருந்து பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. பாடநூலில் இருக்கிறது, கரும்பலகையில் டீச்சர் எழுதும்போது இருக்கிறது, திரையில் மட்டும் காணோம்.

மற்ற பதிவுகளையும் கேட்டோம். அதே வகுப்பில் இன்னும் இரண்டு பேர்.

நிரலாளன், 'ர'வுக்குக் கோடு நன்றாகச் சாய்ந்து இறங்கும் எழுத்துரு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். மதிப்பீட்டுத் தாளில் அந்த 5 மார்க் வரிசையையும் மாற்றிவிட்டோம். இனி அங்கே இருப்பது: "குழந்தையின் வாசிப்பைப் பதிந்து கேட்டு, அடுத்த பாடத்தில் எதை மாற்றினார்?"

-----

நிரலாளன் எழுதியது:

நான்கு எழுத்துருவில் "மரம் மாம்பழம் நாய் பரல்" அடித்து ஒரே தாளாகத் தனிமடலில் அனுப்புகிறேன். பின் பெஞ்சில் உட்கார்ந்து நீங்களே தேர்ந்தெடுங்கள். என் திரையில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.

-----

இரண்டாமாண்டு எழுதியது:

மேடம், இன்று அந்தப் பையனிடம் போனேன். கால் போடாமல் "மம்பழம்" எழுதி, பிறகு அவன் கையாலேயே கால் போடவைத்து வாசிக்கவைத்தேன். பழைய பதிவை அழிப்பதற்கு முன்னால் அவனுக்குப் போட்டுக்காட்டினேன். கேட்டுவிட்டு, "டீச்சர், இது நான் இல்ல, எந்தம்பி" என்றான். தம்பி அங்கன்வாடியில் இருக்கிறானாம். அப்புறம் மறுபடி பதியச் சொன்னான். மூன்று தடவை. மூன்றாவது தடவை பத்தி முடிந்தும் நிறுத்தவிடவில்லை, பாடநூல் அட்டையில் இருப்பதையும் சேர்த்து வாசித்தான்.